பாலைவன ஊரில் பீக்கன் தோப்புகள் வந்தது எப்படி?

பாளையங்கோட்டை வாசகர்:
அரிசோனாவின் டூசான் நகரிலுள்ள மகள் வீட்டிலிருந்து சென்ற வாரம் தெற்கே கிரீன் வேலிக்குப் போய்வந்தேன். தெருவெல்லாம் ஓய்வு பெற்ற முதியவர்கள். அடுத்த ஊரான சாகுவாரிட்டாவில் வரிசை பிசகாத பீக்கன் என்னும் கொட்டை மரங்கள். நம் வள்ளியூர்ப் பக்கத்தையும் மிஞ்சிய வறட்சியில் இவை எப்படி உருவாயின?

சேரன்மகாதேவி வாசகர்:
அண்ணாச்சி, அது முதலில் மாட்டுப் பண்ணை நிலம். 1820களில் ஓர்டிஸ் சகோதரர்களுக்குக் கிடைத்த கனோவா என்ற மானிய நிலத்தை 1912இல் லீவை மானிங் வாங்கிப் பெரும் பண்ணையாக்கினார். முதல் உலகப் போரில் ரப்பர் வரத்து தடைபடுமோ என்ற அச்சத்தில், ஒரு நிறுவனம் அப்பகுதி நிலத்தில் ரப்பர் தரும் குவாயூலி என்னும் பால்செடியைப் பயிரிட்டது. போர் முடிந்ததும் அதைக் கைவிட்டதால் பருத்தி வந்தது. 1948இல் வந்த விவசாயி கீத் வால்டன், செயற்கை இழைகள் பருத்தியின் விலையை வீழ்த்திவிடும் என்று கணித்து, 1965 முதல் பீக்கனுக்கு மாறினார். துணிச்சல்தான், நட்ட மரம் காய்க்கவே சில ஆண்டுகள் ஆகும்.

தென்காசி வாசகி:
கிரீன் வேலியில் முதியோர் குடியிருப்பு எழுந்தது 1960களில், கனோவாவின் வடபகுதியில். மிதமான குளிர்காலமே அவர்களை ஈர்த்தது.

பாளையங்கோட்டை வாசகர்:
தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள், தம்பி? ஆற்றில் மணலைத்தான் கண்டேன்.

சேரன்மகாதேவி வாசகர்:
பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். சாந்தா குரூஸ் ஆறு மழைக்குப் பின்பே ஓடும். அறுவடைக் காலத்தில் போனால், இயந்திரக் கரம் அடிமரத்தைக் கவ்விச் சில நொடிகள் உலுக்க, கொட்டைகள் சடசடவென உதிர்வதைப் பார்க்கலாம். நம் ஊர்ப் புளியமர உலுக்கலே நினைவுக்கு வரும்.