நாத்திகர்மேல் உள்ள சந்தேகத்தை அளப்பது: களத்தில் கண்டவை

வேப்பேரி
சென்னையில் வீடு வீடாகப் போய் மத நம்பிக்கை பற்றிக் கேட்பவர்கள் அடிக்கடி பார்ப்பது இது. "நாத்திகர்களைப் பிடிக்குமா?" என்று நேராகக் கேட்டால், "எல்லாரும் மனுஷங்கதானே சார்" என்பார்கள். "சாமி கும்பிடாதவருக்கு மாடி போர்ஷனை வாடகைக்கு விடுவீங்களா?" என்றால் குரல் இறங்கும், "வீட்ல கேட்டுத்தான் சொல்லணும்." அது வெறுப்பு இல்லை, இந்த ஆளை நம்பலாமா என்ற தயக்கம். வெறுப்பை அளக்கும் கேள்வியில் இது சிக்காது. உங்கள் ஏரியா பெயரை மேலே போட்டு, களத்தில் கண்டதை எழுதுங்கள், அடுத்து இறங்குபவர்களுக்கு உதவும்.

கொளத்தூர்
இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் உளவியல் ஆய்வாளர்கள் வில் ஜெர்வெய்ஸ், அசிம் ஷரீஃப், ஆரா நோரன்சயான் (2011). அவர்கள் கருத்தே கேட்கவில்லை. ஒருவன் நிறுத்தியிருந்த வண்டியை இடித்துவிட்டு நழுவுகிறான்; கிடந்த பர்ஸில் பணத்தை உருவிக்கொள்கிறான். அவன் யாராக இருக்க வாய்ப்பு அதிகம்? அ) ஆசிரியர். ஆ) ஆசிரியர், அதோடு கடவுள் நம்பிக்கை இல்லாதவர். கணக்குப்படி ஆ ஒருபோதும் அ-வை மிஞ்சாது, நம்பிக்கையில்லாத ஆசிரியரும் ஆசிரியர்தானே. ஆனாலும் பலர் ஆ-வைத் தொடுகிறார்கள். நம்பிக்கை உள்ளவர் என்று மாற்றினால் அந்தத் தவறு வெகுவாகக் குறைகிறது. 2017-இல் இந்தியா உட்பட 13 நாடுகளில், தொடர் கொலைகாரன் ஒருவனை வர்ணித்துக் கேட்டபோதும், நம்பிக்கை இல்லாதவர் என்று போட்டால் அந்தத் தவறு ஏறக்குறைய இரண்டு மடங்கு. பதில் சொன்ன நாத்திகர்களே அப்படித்தான் நினைத்தார்கள் என்பதுதான் வருத்தமான சங்கதி.

இங்கே செய்யும்போது: 'நம்பிக்கை இல்லாதவர்', 'நம்பிக்கை உள்ளவர்' என்ற இரண்டில் ஒருவருக்கு ஒரு வடிவம்தான். இரண்டையும் படித்தால் நோக்கம் தெரிந்துவிடும். தெரு வாரியாகப் பிரிக்காதீர்கள். மயிலாப்பூருக்கு ஒன்று, ராயபுரத்துக்கு ஒன்று என்றால் வித்தியாசம் கேள்வியாலா, ஏரியாவாலா என்று சொல்லவே முடியாது. படிவங்களை முன்பே நன்றாகக் கலைத்து, மேலிருந்து வரிசையாக எடுங்கள். மூலக் கதையில் இடித்தவன் தன் இன்ஷூரன்ஸ் விவரத்தை எழுதி வைக்காமல் நழுவுவதாக வரும், அதுவும் ஒத்துவராது. இடித்தவர் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவார் என்று நம் ஊரில் யார் எதிர்பார்க்கிறார்கள்? 'பூக்காரம்மா தவறுதலாக அதிகம் கொடுத்த சில்லறையைச் சத்தமில்லாமல் பையில் போட்டுக்கொண்டான்' என்று மாற்றினால் எல்லாருக்கும் உறைக்கும்.

அடையாறு
நம்பாதவர்கள் எத்தனை பேர் என்பது இன்னும் சிக்கல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நாத்திகர் என்று பதிவானவர்கள் சுமார் 33 ஆயிரம் பேர்தான். வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் அவ்வளவுதான் கிடைக்கும்.

மாற்று வழி, எண்ணிக்கை மட்டும் கேட்பது. ஒரு பாதிப் பேருக்கு நான்கு சாதாரண வாக்கியங்கள். மறு பாதிக்கு அதே நான்கோடு, கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொல்லும் ஒன்று. எவை பொருந்தும் என்று சொல்ல வேண்டாம், எத்தனை பொருந்தும் என்பது போதும். முதல் பாதியின் சராசரி 2.10, அடுத்தது 2.25 என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக வந்த 0.15 அந்த ஐந்தாவது வாக்கியத்தால் வந்தது, அதாவது நம்பாதவர்கள் 15 சதவீதம்.

கெடுவது எங்கே என்றால், 'காலையில் காபி குடிப்பேன்' மாதிரி எல்லாருக்கும் பொருந்துவதாகவே நான்கையும் போடுவதில். 'ஐந்து' என்றதுமே ரகசியம் உடைந்துவிடும். ஒன்று பொருந்தினால் மற்றது பொருந்தாதபடி ஜோடி சேருங்கள்: 'சொந்த வீட்டில் இருக்கிறேன்', 'வாடகை வீட்டில் இருக்கிறேன்'. எண்களின் சிதறலும் குறையும். பாதிக்கு நூறு பேரை மட்டும் பார்த்தால் அந்த 15 என்பது பூஜ்யமாகவும் இருக்கலாம், 35 ஆகவும் இருக்கலாம். ஆயிரம் பேர் இருந்தால்தான் ஏழெட்டுப் புள்ளி ஏற்ற இறக்கத்துக்குள் வரும்.

ஜெர்வெய்ஸும் மேக்ஸின் நாஜ்லேயும் அமெரிக்காவில் இப்படித்தான் 26 சதவீதம் என்றார்கள் (2018). ஆனால் சோதனைக்காக, '2+2 என்பது 13-ஐவிடக் குறைவு என்று நான் நம்பவில்லை' என்ற வாக்கியத்தைச் சேர்த்தபோது அதற்கும் கணிசமான சதவீதம் விழுந்தது! எதிர்மறை வாக்கியத்துக்கு 'பொருந்தும்' என்று சொல்லும்போது ஆட்கள் குழம்புகிறார்கள். 'கடவுள் இல்லை என்பதே என் எண்ணம்' என்று நேராக எழுதுங்கள்.

பெரம்பூர்
நம் ஊரில் நாத்திகம் பழையது. 1882-லேயே 'தத்துவ விவேசினி' என்ற நாத்திக இதழ் இங்கிருந்து வந்திருக்கிறது. 1967-இல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் போட்டது. அதனால் 'நாத்திகர்' என்றதும் மேடையும் கருப்புச் சட்டையும் நினைவுக்கு வந்து, பதில் கட்சிப் பக்கம் சாய்ந்துவிடும். 'கோயில், சர்ச், பள்ளிவாசல் எதற்கும் போகாதவர், கடவுள் இருப்பதாக நினைக்காதவர்' என்று விவரித்துக் கேளுங்கள். நம்பிக்கை, வழிபாடு, கட்சி மூன்றுக்கும் தனித்தனிக் கேள்வி வேண்டும். மாமியாருக்காக வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் மருமகளை 'நம்புகிறவர்' என்று குறித்துவிடுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். அதே மாமியார் ஹாலில் உட்கார்ந்திருந்தால் பேட்டியே வீண். பேனாவைக் கொடுத்து, எண்ணை எழுதி உறையில் போடச் சொல்லிவிடுங்கள்.

கொளத்தூர்
கேள்வி வரிசையையும் கவனியுங்கள். போலீஸ் ஒழுங்காக வேலை செய்கிறது என்று நினைவூட்டினால் நாத்திகர்மேல் உள்ள சந்தேகம் குறைகிறது என்று ஜெர்வெய்ஸும் நோரன்சயானும் 2012-இல் காட்டினார்கள். மேலே சாமி பார்க்காவிட்டாலும் கீழே யாரோ பார்க்கிறார்கள் என்ற தைரியம் வந்துவிடுகிறது. ஆகவே போலீஸ், கோர்ட், சிசிடிவி பற்றிய கேள்விகள் உங்கள் படிவத்தில் இருந்தால் அவற்றைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள்.