குழந்தைக்கு எந்தப் பால்? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கொடிமுல்லை

அக்கா மகளுக்கு ஒன்றரை வயது. தாய்ப்பாலை நிறுத்தியதிலிருந்து பசும்பால்தான். எழுந்ததும் ஒரு புட்டி, சோற்றுக்குத் தலையைத் திருப்பினால் ஒரு புட்டி, தூங்க வைக்க ஒன்று, நடு இரவில் அழுதால் இன்னொன்று. குழந்தை கொழுகொழுவென்று இருந்ததால் யாருக்கும் கவலை இல்லை. சளிக்காகத்தான் டாக்டரிடம் போனோம். அவர் மார்பில் குழலை வைப்பதற்கு முன்பே கட்டைவிரலால் குழந்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளிறிப்போயிருந்தது. "ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள்?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. அக்காவின் மாமியார் முந்திக்கொண்டு, "ஒரு லிட்டர் தாராளமாகக் குடிப்பாள் டாக்டர்" என்றார், முகமெல்லாம் பெருமை.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7. அந்த வயதில் 11-ஐ ஒட்டி இருக்க வேண்டுமாம். ஒரு லிட்டர் பசும்பாலில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்தான் இருக்கிறது, குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு 7 மில்லிகிராம் தேவை, பாலில் உள்ள கால்சியமும் கேசின் என்ற புரதமும் மற்ற உணவிலிருந்து கிடைக்கும் இரும்பையும் சரியாக உறிஞ்சவிடாது, வயிறு பாலால் நிறைந்துவிட்டால் சோறு இறங்காது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இனி அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லி, இரும்புச்சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அக்காவின் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பால் கொடுத்ததா குற்றம்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் பேசவே இல்லை. அந்தக் கேள்விதான் இன்னும் என்னை விடவில்லை. எந்தப் பால் நல்லது என்று எல்லோரும் கேட்கிறோம். எவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை.

செவ்வந்தி

என் மகனுக்குப் பசும்பால் ஒவ்வாது. ஏழாம் மாதத்திலேயே தெரிந்துவிட்டது, உறவினர் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தோம். ஒரு வீட்டு விசேஷத்தில் நான் முகம் கழுவப் போன நேரம். கணவரின் பெரியம்மா அவனுக்குக் கரண்டியில் ஆட்டுப்பால் ஊட்டியிருக்கிறார். "இது ஆட்டுப்பால்தானே அம்மா, ஒன்றும் செய்யாது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒரு தடிப்பு எழும்பியது. என் கண் முன்னாலேயே அது கழுத்து வழியாகப் படர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்தது. மேலுதடு வீங்கிப் புரண்டது. அழுகைக் குரலே மாறி, கரகரவென்று வந்தது. ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

பசும்பால் ஒவ்வாத குழந்தைகள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. இரண்டிலும் உள்ள புரதங்கள் அவ்வளவு நெருக்கமானவை. எருமைப்பாலும் அப்படியே. பெரியம்மா அந்தப் பாலைத் தானே காய்ச்சி, ஆற்றி, வடிகட்டிக் கொண்டுவந்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆட்டுப்பால் ஒன்றும் செய்யாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் வருகிறது.

இரு பிள்ளைகளின் அப்பா

சகோதரி செவ்வந்தி, உங்களுக்கு நடந்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் இதைப் படிப்பவர்கள் ஆட்டுப்பால் என்றாலே ஓடுவார்கள். என் மூத்தவள் ஒரு வயதுக்குப் பிறகு ஆட்டுப்பாலில்தான் வளர்ந்தாள். கொழுப்புத் துளிகள் சிறியவை, எளிதில் செரிக்கும்.

ஒவ்வாமை வேறு, செரியாமை வேறு. என் இளையவளுக்கு ஐந்து நாள் கடும் வயிற்றுப்போக்கு. அது நின்ற பிறகும் பால் குடித்த அரை மணி நேரத்தில் புளித்த நெடியோடு நுரைநுரையாகப் போனது. பிட்டம் புண்ணாகிச் சிவந்து, துணி பட்டாலே அலறினாள். வீட்டில் எல்லோரும் பால் ஒவ்வாமை என்று முடிவு கட்டி, இனி வாழ்நாள் முழுவதும் பாலே கூடாது என்றார்கள். டாக்டரோ, குடலின் உட்படலம் நோயால் சிதைந்திருக்கிறது, பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி அங்கேதான் சுரக்கிறது, படலம் வளர்ந்ததும் தானாகச் சரியாகும் என்றார். சில வாரங்கள் லாக்டோஸ் நீக்கிய பால் கொடுத்தோம். (அது சற்று இனிக்கும். சர்க்கரை சேர்த்ததால் அல்ல. லாக்டோஸ் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் பிரிந்துவிடுவதால் வரும் இனிப்பு.) பிறகு பழைய பாலுக்கே திரும்பினோம். இன்று எந்தத் தொல்லையும் இல்லை.

எனவே பயப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள். உடம்பு ஏற்றுக்கொள்ளும்.

ஆய்வுக்கூடத்து ஆள்

மேலே உள்ள நண்பருக்கு ஒரு திருத்தம். லாக்டோஸ்தான் பிரச்சினை என்றால் ஆட்டுப்பால் தீர்வாகாது. பசும்பாலில் 100 மில்லிக்கு 4.7 கிராம் என்றால் ஆட்டுப்பாலில் 4.4-ஐ ஒட்டி இருக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். ஃபோலிக் அமிலமும் அதில் மிகக் குறைவு. ஒரு வயதுக்குள் ஆட்டுப்பாலையே முழு உணவாகக் கொடுத்து, அதனால் இரத்தச்சோகை வந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ நூல்களில் நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

நான் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு இளம் தந்தை இரண்டு பாத்திரங்களோடு வந்தார். ஒன்றில் பாக்கெட் பால், மற்றதில் மாடு வைத்திருப்பவரிடம் வாங்கிய பால், இரண்டையும் காய்ச்சி ஆற வைத்திருந்தார். ஒன்றில் விரல் பருமனுக்கு மஞ்சள் ஏடு, மற்றதில் காகிதம் போல மெல்லிய ஆடை. "ஏடே பிடிக்கவில்லை, இதில் என்ன கலந்திருக்கிறார்கள்?" என்று பாக்கெட் பாலைக் காட்டிக் கேட்டார். கொழுப்பைச் சோதித்தால் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பாக்கெட் பாலை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய இடைவெளி வழியாகச் செலுத்துகிறார்கள், கொழுப்புத் துளிகள் உடைந்து சிறிதாகிவிடுவதால் மேலே மிதந்து வருவதில்லை. பிரான்ஸைச் சேர்ந்த ஒகுஸ்த் கோலன் 1899-இல் காப்புரிமை பெற்ற முறை இது. இதையெல்லாம் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பும்போது சொன்னார்: "இருந்தாலும் என் மகனுக்கு மாட்டுக்காரர் பால்தான், அதையும் காய்ச்சாமல் மடியின் சூட்டோடு கொடுக்கிறேன், அதில்தான் உயிர்ச்சத்து இருக்கிறது." அவர் வாசலைத் தாண்டிய பிறகும் எனக்குக் கை ஓடவில்லை.

காய்ச்சாத பாலில் காசநோய்க் கிருமி இருக்கலாம், புரூசெல்லா இருக்கலாம். ஈ. கோலை O157 வகை இருந்தால் சிறு குழந்தையின் சிறுநீரகமே செயலிழந்துபோகக்கூடும். பால் நன்றாகத்தான் மணக்கும், நிறமும் மாறாது. மாடு ஆரோக்கியமாகவே நின்றுகொண்டிருக்கும். 72 பாகை செல்சியஸில் 15 வினாடி, அல்லது 63 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கினால் இந்தக் கிருமிகள் மடிந்துவிடும். சூட்டில் சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும். புரதமும் கால்சியமும் எங்கும் போய்விடாது. இதற்கு மேல் விவாதிக்க இதில் எதுவும் இல்லை.

கேட்காவிட்டாலும் மற்றதையும் சொல்லிவிடுகிறேன், தினமும் யாராவது கேட்பதுதான். ஒரு வயது முடியும்வரை எந்த விலங்கின் பாலும் முக்கிய உணவாக வேண்டாம். தாய்ப்பால், அது முடியாதபோது அந்த வயதுக்கென்றே தயாரித்த பால்மாவு. பசும்பாலில் புரதம் தாய்ப்பாலைப் போல மூன்று மடங்கு. உப்புகளும் அதிகம், பிஞ்சுச் சிறுநீரகத்துக்குச் சுமை. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் ஏற்படும். கொடிமுல்லை எழுதிய இரத்தச்சோகைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு வயதிலிருந்து இரண்டு வரை கொழுப்பு நீக்காத பால். மூளை வளரும் காலம், கொழுப்பைக் குறைக்காதீர்கள். இரண்டுக்குப் பிறகு, நன்றாக வளரும் குழந்தைக்குக் கொழுப்பு குறைத்த பால் கொடுக்கலாம்.

எருமைப்பால் கெட்டியாக இருப்பதால் சத்து அதிகம் என்று நினைத்து ஒரு வயதுக் குழந்தைக்கு நிறையக் கொடுக்கிறார்கள். கொழுப்பு ஏறத்தாழ இரு மடங்கு. நாலு வாய் குடித்ததுமே வயிறு நிரம்பி, குழந்தை உணவைத் தள்ளிவிடும். ஏ2 பால் பற்றியும் கேட்பீர்கள். பீட்டா கேசின் என்ற புரதத்தின் 67-ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, வித்தியாசம் அதுதான். லாக்டோஸ் அதிலும் அதே அளவு. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதுவும் ஆபத்தே.

இரவுப்பணி நர்ஸ்

இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, கால் வீக்கத்தோடு கொண்டுவந்தார்கள். முன்பு எப்போதோ கன்னத்தில் சொறி வந்திருக்கிறது. பால்தான் காரணம் என்று வீட்டிலேயே முடிவு செய்து, அரிசிப் பாலுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் அதுவே பெரும்பாலான உணவு. புறங்காலில் என் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். பள்ளம் அப்படியே நின்றது. முடி செம்பட்டையாகி, கையோடு வந்தது. குழந்தை அழக்கூட இல்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

குவாஷியோர்கர். சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930-களில் ஆப்பிரிக்காவில் பார்த்து எழுதிய புரதக் குறைவு நோய். நான் அதைப் பஞ்சத்தின் நோயாகத்தான் படித்திருந்தேன். இந்தப் பெற்றோரோ நல்ல வசதியுள்ளவர்கள், பையில் விலை உயர்ந்த அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பெட்டியின் மேல் 'பால்' என்று எழுதியிருக்கிறது, அவர்கள் அதை நம்பினார்கள். உள்ளே புரதம் இல்லாததற்குச் சமம். அரிசிப் பாலில் ஆர்சனிக் சேரும் வாய்ப்பும் இருப்பதால், ஐந்து வயதுக்குள் கொடுக்க வேண்டாம் என்றே பிரிட்டன் அறிவுறுத்துகிறது.

தாவரப் பால் கொடுக்கும் தாய்மார்களே, தயவுசெய்து யோசியுங்கள்.

நிலாமுற்றம்

நர்ஸ் அம்மா, நீங்கள் பார்த்ததைப் படித்து நடுங்கினேன். ஆனால் கடைசி வரியில் எங்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டீர்கள். நாங்கள் விலங்குப் பால் பயன்படுத்துவதில்லை. அது எங்கள் மனச்சான்றின் முடிவு. மகளுக்கு மூன்று வயது, எடையும் உயரமும் வளர்ச்சி வரைபடத்தில் தன் கோட்டிலேயே போகின்றன. ஒரு வயதுக்குப் பிறகு சத்து சேர்த்த சோயா பால், அதுவும் டாக்டரைக் கேட்ட பிறகே.

அரிசிப் பாலும் சோயா பாலும் ஒன்றல்ல. சோயா பாலில் 100 மில்லிக்கு மூன்று கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, பசும்பாலுக்கு அருகில். ஓட்ஸ் பாலில் ஒரு கிராம் அளவு, பாதாம் பால் பலவற்றில் அதுவும் இல்லை. வாங்கும்போது நான் பார்ப்பவை: புரதம், 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் அளவில் கால்சியம், வைட்டமின் டி, பி12, அயோடின், சர்க்கரை சேர்க்காதது. இதில் பி12 இல்லை என்றால் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுவேன்.

எனக்கு மறக்காதது வேறொன்று. என் கணவர் ஒரு காலிப் பெட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து காட்டினார். அடியில் வெண்சுண்ணாம்பு பூசியது போல ஒரு படிவு, நகத்தால் சுரண்டினால் வந்தது. சேர்த்த கால்சியம் அத்தனையும் அங்கே உட்கார்ந்திருந்தது. பெட்டியை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி ஊற்றாவிட்டால் குழந்தைக்குப் போய்ச் சேருவது வெறும் சோயா நீர். அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிக்கிறோம், குலுக்குவதற்கு மறந்துவிடுகிறோம்.

தேன்சிட்டு

சுருக்கமாக. கடையில் பால்மாவு டின்களின் முன் நின்றேன். 1, 2, 3 என்று எண்கள். விற்பனைப் பெண், "பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்துவிட்டதா? அப்படியானால் மூன்றாம் எண், நிறுத்தினால் வளர்ச்சி தடைப்படும்" என்று ஒரு டின்னை என் கையிலேயே வைத்துவிட்டார். அவர் முகத்தில் உண்மையான அக்கறை. பள்ளியில் ஒரு வகுப்பைத் தாண்டிக் குதித்துவிட்டோமோ என்பது போல எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வளரும் குழந்தைகளுக்கென்று விற்கும் இந்த மாவு தேவையற்றது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லிவிட்டது. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருட்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் 1981-ஆம் ஆண்டு விதிமுறை, மூன்று வயது வரைக்குமான இந்தப் பால்களுக்கும் பொருந்தும் என்று 2016-இல் தெளிவுபடுத்தியும் இருக்கிறார்கள். டின்னைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு இதை யார் சொல்வார்கள்?

செவ்வந்தி

இரு பிள்ளைகளின் அப்பாவுக்கு. மற்றவர்கள் எழுதியதில் உங்கள் கடைசி வரி மறைந்துவிடக் கூடாது என்று திரும்ப வந்தேன். "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள்" என்கிறீர்கள். உங்கள் மகளுக்கு வந்தது லாக்டோஸ் செரியாமை, அதில் சிறிதளவு பால் வயிற்றை உப்பச் செய்யும், அவ்வளவுதான். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதே சிறிதளவு மூச்சை அடைக்கும். வீட்டில் யாரும் அதை முயன்று பார்க்கவே கூடாது. ஒவ்வாமை வேறு, செரியாமை வேறு என்று எழுதியவர் நீங்கள்தான் ஐயா. அதே பதிவில் இரண்டுக்கும் ஒரே மருந்தைச் சொல்லியிருக்கிறீர்கள், தயவுசெய்து அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

பழக்குவது என்று ஒன்று உண்டு, ஆனால் அது மருத்துவமனையில். நீண்ட நேரம் அதிகச் சூட்டில் வேகும்போது பால் புரதத்தின் அமைப்பு மாறுவதால், பால் ஒவ்வாத குழந்தைகளில் பலரால் பால் சேர்த்துச் சுட்ட பண்டங்களைத் தாங்க முடிகிறது. என் மகனுக்கு இப்போது நான்கு வயது. பெரும்பாலான குழந்தைகள் வளர வளர இதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். ஊசி மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டாக்டர் கண்ணெதிரில் சிறு துண்டு ரொட்டியில் தொடங்கப்போகிறோம். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.