இத்தாலியனில் ‑இனோ, ‑எத்தோ என்று முடிந்தாலே 'சின்னது' என்று அர்த்தமா?

கேள்வி:
இத்தாலியன் படித்துக்கொண்டிருக்கிறேன், பாடமெல்லாம் ஆங்கிலம் வழியாகத்தான். காத்தோ பூனை, காத்தினோ பூனைக்குட்டி. காஸா வீடு, காஸெத்தா சின்ன வீடு. இதுவரை சரி. ஆனால் ஃபினெஸ்த்ரா, ஃபினெஸ்த்ரினோ இரண்டுக்குமே அகராதியில் 'விண்டோ' என்றுதான் இருக்கிறது. எங்கே 'லிட்டில்' சேர்த்துப் படிக்க வேண்டும், எங்கே கூடாது? விதி ஏதாவது உண்டா?

பதில்:
விதியை நம்பிப் போக முடியாது, ஒவ்வொரு சொல்லாகத்தான் பிடிக்க வேண்டும். ஃபினெஸ்த்ரினோ என்பது கார், ரயில், விமானத்தின் ஜன்னல். அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பெயர் அதுதான். குக்கியாயினோ என்றால் டீஸ்பூன், தெலெஃபோனினோ என்றால் செல்போன். இவையெல்லாம் தனிச்சொல்லாகவே நின்றுவிட்டன, அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அப்புறம் பேச்சில் இந்த விகுதி அளவைவிடத் தொனியைத்தான் அதிகம் காட்டும். 'உன் மொமெந்தினோ' என்று ஒருவர் சொன்னால் காத்திருக்கும் நேரம் குறையப்போவதில்லை, கேட்கும் விதம்தான் மென்மையாகிறது, அதனால் ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் எ மொமென்ட்' என்பதுதான் பொருந்தும், 'லிட்டில் மொமென்ட்' அல்ல.

பதில்:
மேலே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. ‑இனோ என்று முடிவதெல்லாம் இந்த வகையே கிடையாது. தாக்கோ என்றால் செருப்பின் குதி, தாக்கினோ என்றால் வான்கோழி, இரண்டுக்கும் அளவில் ஒரு சம்பந்தமும் இல்லை. மாத்தோ பைத்தியம், மாத்தினோ காலை நேரம். போஸ்தினோ தபால்காரர், இங்கே அதே விகுதி வேலை செய்பவரைக் குறிக்கிறது. கானெ என்றால் நாய், அதை வைத்துக் கானினோ என்று சொன்னால் கோரைப்பல் ஆகிவிடும். நாய்க்குட்டிக்குக் கான்யோலினோ என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, இப்போது தெளிவாகிறது. அப்படியானால் ஆங்கிலத்துக்குள் போன ஸ்பகெத்தி, ஸுக்கினி போன்ற உணவுப் பெயர்கள் எல்லாமே இந்த வகைதானா?

பதில்:
ஆமாம். ஸ்பாகோ என்றால் கயிறு, அதிலிருந்து வந்த ஸ்பகெத்தி 'சின்னக் கயிறுகள்'. வெர்மிசெல்லி 'சின்னப் புழுக்கள்', லிங்குவினே 'சின்ன நாக்குகள்', ஸுக்கினி 'குட்டிப் பூசணிகள்'. ஆங்கிலம் பேசுபவருக்கு அந்தச் சின்னது காதில் விழுவதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது செல்லோ என்ற தந்தி வாத்தியத்தின் பெயர். வியோலா என்ற வாத்தியத்தில் பெரியது வியோலோனே, அந்தப் பெரியதில் சின்னது வியோலோன்செல்லோ, அதை ஆங்கிலம் சுருக்கியபோது முன்பாதி முழுக்கப் போய் விகுதி மட்டும் வாத்தியத்தின் பெயராக மிஞ்சியது! ஃப்ராத்தெல்லோவும் பாருங்கள், சகோதரன் என்று படித்திருப்பீர்கள், அதுவே ஃப்ராத்தெ என்பதன் சின்ன வடிவம்தான். ஃப்ராத்தெ இப்போது துறவியைக் குறிப்பதால் தம்பியைச் சொல்ல இன்னொரு விகுதி சேர்த்து ஃப்ராத்தெல்லினோ என்கிறார்கள்.

பதில்:
ஆள் பெயர்களிலும் இது உண்டு. ஃப்ளோரன்ஸில் பிரான்காச்சி சிற்றாலயத்துச் சுவரோவியங்களை 1420களில் சேர்ந்து வரைந்த மஸோலினோ, மஸாச்சோ இருவருக்கும் இயற்பெயர் தொம்மாஸோதான். ‑இனோ ஒருவரைச் செல்லமாகக் கூப்பிடுகிறது, ‑ஆச்சோ மற்றவரை முரட்டு ஆளாக்குகிறது. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'லிட்டில் டாம்', 'பிக் டாம்' என்று போடுவதைப் பார்க்கிறேன், ‑ஆச்சோவில் இருக்கும் அழுக்கும் அலங்கோலமும் 'பிக்'கில் வராது, 'மெஸ்ஸி டாம்' என்றால் ஓரளவு நெருங்கும்.