டிசம்பரில் திருச்சிக்கு நாலு டிக்கெட்: இப்போதே எடுக்கலாமா?

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு டிசம்பர் முதல் வாரம் நாங்கள் நாலு பேர் போகிறோம். தங்கை மகளுக்குக் காதுகுத்து. மார்கழி பிறப்பதற்குள் முடிக்க வேண்டுமாம். தாய்மாமன் நான்தான், போகாமல் இருக்க முடியாது.

போன வாரம் பார்த்தபோது ஒருவருக்குப் போகவர 420 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீட்டில் பேசிவிட்டு எடுக்கலாம் என்று இரண்டு நாள் விட்டேன், 510 ஆகிவிட்டது. பிரௌசரில் குக்கீயை (நாம் தேடியதைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும் சிறு பதிவு) அழித்துவிட்டுப் பாருங்கள் என்றார் அலுவலக நண்பர். சரி என்று அழித்தேன். ஒரு காசு குறையவில்லை.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். நாலு பேருக்குத் தேடினால் தலைக்கு 510, இரண்டு பேருக்குத் தேடினால் 455! ஒரே விமானத்தின் இருக்கைகளைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கிறார்கள். மலிவான அடுக்கில் இரண்டே இடம் மிச்சமிருந்தால், நாலு பேருக்கும் சேர்த்து மேல் அடுக்கின் விலையைப் போட்டுவிடும். அப்படியானால் இரண்டு இரண்டாகப் பிரித்து எடுக்கலாமா? விமானம் ரத்தானால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோமோ என்று பயம். சின்னவனுக்கு ஆறு வயதுதான்.

கோலாலம்பூர் வழியாகக் குறைவாகக் காட்டுகிறது, ஆனால் பெட்டிக்குத் தனிக் காசு. காதுகுத்துச் சீரோடு பெட்டி இல்லாமல் எப்படிப் போவது?

விடுமுறையில் போய்வந்தவர்கள் எத்தனை மாதம் முன்னால் எடுத்தீர்கள்? செவ்வாய், புதனில் கிளம்பினால் உண்மையிலேயே குறைகிறதா? பிரித்து எடுத்து மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்தாக வேண்டும்.