மறுமொழி: 'டிஸ்அஃபெக்டட் யூத்' – பிரிட்டிஷ் சினிமா பற்றி எழுதத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

சமூகத்தோடு ஒட்டாமல் விலகிப்போன இளையோரைச் சொல்லும் 'டிஸ்அஃபெக்டட் யூத்' என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு, 'அதிருப்தி இளைஞர்', 'விரக்தி இளைஞர்', 'பற்றற்ற இளைஞர்' என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. அகராதியைப் புரட்டினால் மூன்றிலும் தப்பில்லை. படத்தைப் பார்த்துவிட்டு எழுத உட்காருகிறவருக்குத்தான் மூன்றும் கை கொடுக்க மாட்டேன் என்கின்றன.

> 'அதிருப்தி' எல்லோருக்கும் பழகிய சொல். அதையே வைத்துவிடலாமே?

பழகியதுதான் இடைஞ்சல் ஐயா. நம் செய்தித்தாள்களில் அதிருப்தி என்றாலே பின்னால் எம்.எல்.ஏ. வந்து நிற்பார். பதவி கொடுத்தால் தீர்ந்துபோகிற மனக்குறை அது. விரக்தியைக் காதல் தோல்விக்கும் பரீட்சைத் தோல்விக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. பற்றற்றவனையோ வள்ளுவர் 'பற்றுக பற்றற்றான் பற்றினை' என்று இறைவன் பக்கம் சேர்த்துவிட்டார். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் போதை ஊசியும் கையுமாகத் திரிகிற பையனுக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டினால் வாசிப்பவர் சிரித்துவிடுவார்.

இந்த ஆங்கிலச் சொல்லோடு நமக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1908இல் வ.உ.சி.க்குத் தண்டனை வாங்கிக் கொடுத்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு, அரசின் மீது 'டிஸ்அஃபெக்‌ஷன்' தூண்டுவதைத்தான் குற்றம் என்றது. ராஜதுரோக வாசனை அடிக்கிற அந்தப் பொருள் இங்கே வேண்டாம்.

நான் முன்வைப்பது 'பிடிப்பு' என்ற வேரை. 'வேலையில பிடிப்பே இல்ல', 'ஊர்ல ஒரு பிடிப்பு இருந்தா இருப்பான்' என்று தினமும் பேசுகிறோம். இதிலிருந்து இரண்டு சொற்கள் கிடைக்கும்: பிடிப்பற்ற, பிடிப்பறுந்த. முதலாவதில் பிடிப்பு என்ற ஒன்று இல்லை. இரண்டாவதில் இருந்தது, அறுந்துவிட்டது; யார் அறுத்தார்கள் என்ற கேள்வி தானாக எழும். பிரிட்டிஷ் படங்களைப் பற்றி எழுத அந்தக் கேள்வி இல்லாமல் முடியாது.

1960இல் வந்த 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' படத்தின் ஆர்தருக்கு நாட்டிங்ஹாம் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை உண்டு, வாரக் கூலி உண்டு, சனிக்கிழமை ராத்திரிக் குடிக்குப் பணம் உண்டு. கோபம் மட்டும் உபரி. அந்தத் தலைமுறைக்குக் 'கோபக்கார இளைஞர்கள்' என்றே பெயர் இருக்கிறது. நம் சொல் அவர்களுக்குத் தேவையில்லை.

1982 ஜனவரியில் அங்கே வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. ஆலன் கிளார்க் தொலைக்காட்சிக்காக எடுத்த 'மேட் இன் பிரிட்டன்' அந்தக் காலத்துப் படம். புருவங்களுக்கு நடுவே ஸ்வஸ்திகா பச்சை குத்திய பதினாறு வயது ட்ரெவர் உட்கார்ந்திருக்கிறான். அதிகாரி ஒருவர் கரும்பலகையில் சாக்பீஸால் படம் போட்டு, அவன் வாழ்க்கை இனி எப்படிச் சுற்றப்போகிறது என்று விளக்குகிறார்: திருட்டு, கோர்ட், சிறை, வேலையில்லாமை, மறுபடியும் திருட்டு. அந்த வட்டத்தில் அவன் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளிகூட இல்லை. வரைகிறவருக்கும் அது தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும். கிளார்க்கே 1987இல் பிபிசிக்கு எடுத்த 'கிறிஸ்டின்' இன்னும் வறண்டது. ஒரு சிறுமி பிளாஸ்டிக் பையில் ஹெராயினை வைத்துக்கொண்டு புறநகர் வீடுகளுக்கு நடக்கிறாள், கொடுக்கிறாள், மறுபடி நடக்கிறாள். கேமராவும் கூடவே நடக்கிறது. ஏன் இப்படி ஆனாள் என்று படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. 'பிடிப்பற்ற' என்பதற்கு இதைவிடச் சரியான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் எல்லோரும் கேட்கிற 'ட்ரெய்ன்ஸ்பாட்டிங்'. டேனி பாயில் இயக்கம், 1996. எடின்பரோவில் ஹெராயின் ஊசி போடுகிற ரென்டன், அவன் நண்பர்கள் ஆகியோரின் கதை.

> ரென்டனுக்கு 'விட்டேத்தி' என்ற சொல்லே போதுமே?

ரென்டனுக்குப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. அப்பா அம்மா இருக்கிறார்கள், பாசமாகவே இருக்கிறார்கள். அளவு மீறி ஊசி போட்டுச் சாகக் கிடந்தவனை வீட்டுக்குக் கூட்டிவந்து, சுவரெல்லாம் ரயில் படம் ஒட்டிய அவனுடைய பழைய அறையில் வைத்துப் பூட்டுகிறவர்களே அவர்கள்தான். உடம்பு முறுக்கி வியர்வையில் கிடக்கிறவனுக்குக் கூரையில் செத்த குழந்தை தவழ்ந்து வருவது போலத் தெரிகிறது. வாழ்க்கை வேண்டாம் என்று தானே முடிவெடுத்ததாக அவன் சொல்லிக்கொள்கிறான். விட்டேத்திக்கு அந்தத் தொனி உண்டு.

அதே படத்தில் டாமியைப் பாருங்கள். உடற்பயிற்சி, மலையேற்றம், காதலி என்று இருப்பவன். டாமியும் காதலியும் அந்தரங்கமாக இருக்கும் வீடியோ கேசட்டை ரென்டன் விளையாட்டாக எடுத்துக்கொண்டு போகிறான். கேசட்டைக் காணோம் என்றதும் காதலி விலகுகிறாள். டாமி ரென்டனிடமே வந்து ஹெராயின் கேட்கிறான். பிறகு எச்.ஐ.வி., பிறகு சாவு. இவனை விட்டேத்தி என்றால் அநியாயம். இவன் பிடிப்பறுந்தவன், அறுத்தது யார் என்றும் நமக்குத் தெரியும்.

எச்.ஐ.வி. கதைக்காகச் சேர்த்த திருப்பமும் கிடையாது. 1980களில் எடின்பரோ போலீஸ் சிரிஞ்சுகளைப் பறிமுதல் செய்தது, புது ஊசி கிடைப்பது அரிதானது, ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்தார்கள், நோய் ஊர் முழுக்கப் பரவியது. படம் இந்தப் பின்னணியை விளக்காமல் பாட்டும் ஓட்டமுமாகக் கடந்துவிடுகிறது. அதன் வெற்றிக்கு அந்த வேகம்தான் காரணம். என் குறையும் அதன்மேல்தான்.

நம் சொல்லுக்கு உண்மையான சோதனை கென் லோச்சின் 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' (2002). கப்பல் கட்டி வாழ்ந்து ஓய்ந்த, ஸ்காட்லாந்தின் கிரீனக் ஊர். லியம் என்ற பையனிடம், சிறையிலிருக்கும் அம்மாவுக்கு வாயில் மறைத்துப் போதைப்பொருள் கொடுக்கச் சொல்கிறார்கள் தாத்தாவும் அம்மாவின் காதலனும். அவன் மாட்டேன் என்கிறான், உதைபடுகிறான். அவனேதான் பிறகு ஹெராயின் விற்கிறான். எதற்கு? அம்மா விடுதலையாகி வந்தால் தங்க ஒரு கேரவன் வீடு வாங்க. இவனிடம் பிடிப்பு இல்லையா? தேவைக்கு மேலேயே இருக்கிறது. லண்டன் விமர்சகர் இவனையும் 'டிஸ்அஃபெக்டட்' என்ற அதே பெட்டிக்குள் போட்டுவிடுவார். தமிழில் எழுதுகிறவரும் அப்படியே செய்ய வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. வேண்டாம் என்பேன். ஆங்கிலக் கட்டுரையில் அந்தச் சொல் வந்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நிகர்ச்சொல்லை ஒட்டக்கூடாது.

> கூடவே 'அடிக்ட்' என்பதையும் முடித்துவிடுவோம். 'போதை அடிமை' சரிதானே?

அடிமை என்றால் விடுதலை ஒரே நாளில் கிடைத்துவிடும் போல ஒலிக்கிறது. குடியை விட்டவர்களின் கூட்டங்களில் தமிழில் 'நான் ஒரு குடிநோயாளி' என்று சொல்லியே பேசத் தொடங்குகிறார்கள். லோச்சின் 'மை நேம் இஸ் ஜோ'வும் (1998) கிளாஸ்கோவில் அப்படியொரு கூட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது. குடிநோயாளி வழக்கில் நிலைத்துவிட்டதால் 'போதைநோயாளி' தடையில்லாமல் உட்காரும். தமிழில் குடிக்கும் ஊசிக்கும் சேர்த்துப் போதை என்ற ஒரே சொல் இருப்பது இங்கே வசதி. ட்ரெய்ன்ஸ்பாட்டிங்கின் பெக்பி ஹெராயினைக் கண்டால் காறித் துப்புவான், ஆனால் குடித்துவிட்டுக் கண்ணாடிக் குவளையைக் கூட்டத்தின் மேல் வீசுவான். அவன் தன்னைத் தனி ஜாதி என்று நினைத்துக்கொண்டாலும் நம் சொல் அவனை நண்பர்களோடேயே உட்கார வைத்துவிடும்.

கலைச்சொல் தொகுப்பில் சேர்ப்பவர் கவனத்துக்கு: பொதுச்சொல்லாகப் 'பிடிப்பறுந்த இளையோர்' போதும். 'பிடிப்பற்ற' என்பதைக் கிறிஸ்டின் போன்ற இடங்களுக்குத் துணைச்சொல்லாகக் குறியுங்கள். விட்டேத்தியைப் பட்டியலில் சேர்க்காமல் எழுதுகிறவர் கையில் விடலாம். 'இளைஞர்' வேண்டாம், அதைப் படித்ததும் ஆண்பிள்ளைகள் மட்டுமே கண்முன் வருகிறார்கள். 'ஃபிஷ் டேங்க்' (2009) படத்தின் எசெக்ஸ் பெண் மியாவுக்குப் பதினைந்து வயது, அவளையும் இதே சொல்லால்தான் எழுதப்போகிறோம். போதையை ஒரேயடியாக நிறுத்துவதைச் சொல்லும் 'கோல்ட் டர்க்கி'க்கு யாராவது தனி இழை தொடங்குங்கள்.