16 ஆட்டத்தோட நின்ற நாடகம்

குழு: நம்ம வீடு, சத்துவாச்சாரி
சனிக்கிழமை

கார்த்தி, இரவு 7:42
திவ்யாக்கா, நியூயார்க்ல நீங்க ஒரு பாட்டு நாடகம் பார்த்தீங்களே, ஹாரி பாட்டர்ல நடிச்சவர் வருவாருன்னு சொன்னீங்களே, அது பேரு இன்னாக்கா? காலேஜ்ல எனக்கு செமினார். "மேடையில தோத்த நாடகம்"னு தலைப்பு குடுத்துட்டாங்க. புதன்கிழமை பேசணும்.

மல்லிகா சித்தி, 7:44
தோத்த நாடகத்தைப் பத்தி எதுக்குடா பேசறே? நல்லா ஓடினதா ஒண்ணு கேட்டு வாங்கிக்கோயேன்.

திவ்யா, 7:51
மெரிலி வீ ரோல் அலாங். 2024ல ஹட்சன் தியேட்டர்ல பார்த்தேன். இங்க இப்பதான் காலையில டீ போட்டுக்கினு இருக்கேன். இரு, விவரமா டைப் பண்றேன்.

திவ்யா, 7:58
1981 நவம்பர் 16, ப்ராட்வேல, அதான் நியூயார்க்ல பெரிய நாடகக் கொட்டகைங்க இருக்கிற இடம், ஆல்வின் தியேட்டர்ல ஆரம்பிச்சாங்க. அதே மாசம் 28ஆம் தேதி நிறுத்திட்டாங்க. மொத்தமே 16 ஆட்டம். இசை, பாட்டு ஸ்டீவன் சோண்ட்ஹைம். வசனம் ஜார்ஜ் ஃபர்த். இயக்கம் ஹால் பிரின்ஸ். சோண்ட்ஹைமும் பிரின்ஸும் 70கள்ல சேர்ந்து பெரிய பெரிய நாடகமா போட்டவங்க. இதுக்கப்புறம் 2003 வரைக்கும் ரெண்டு பேரும் புது நாடகம் எதுவும் சேர்ந்து பண்ணல.

இன்னொண்ணு, கதை அவங்க சொந்தக் கதை இல்ல. 1934ல ஜார்ஜ் காஃப்மனும் மாஸ் ஹார்ட்டும் எழுதின பேச்சு நாடகம். அது 155 ஆட்டம் போச்சு. அதுல நாயகன் நாடகம் எழுதறவன். இதுல அவனை இசையமைப்பாளனா ஆக்கிட்டாங்க. கதை பின்னாடியிலேர்ந்து முன்னாடி போறது மட்டும் அப்படியே இருக்கு.

சேகர் மாமா ஆற்காடு, 8:01
பின்னாடியிலேர்ந்து முன்னாடின்னா இன்னாம்மா?

திவ்யா, 8:06
முதல் காட்சியில ஃபிராங்க், அவன்தான் அந்த இசையமைப்பாளன், நாப்பது வயசு, கையில பணம், பெரிய பார்ட்டி. ஆனா கூட இருந்த சிநேகிதம் எல்லாம் அறுந்து போச்சு. அடுத்த காட்சி அதுக்குச் சில வருஷம் முந்தி. அப்புறம் அதுக்கும் முந்தி. இப்படியே போயி கடைசியில 1957. ஒரு மொட்டை மாடியில மூணு பேர், இருவது வயசு, ரஷ்யாக்காரன் விட்ட ஸ்புட்னிக் வானத்துல போவுதான்னு அண்ணாந்து பார்க்கிறாங்க. மூணு பேரும் அன்னிக்குதான் சிநேகிதம் ஆவறாங்க. அவங்க என்னவா ஆகப்போறாங்கன்னு நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. அங்கதான் மாமா எனக்குத் தாங்கல.

மல்லிகா சித்தி, 8:08
ஐயோ பாவம்.

கார்த்தி, 8:10
சூப்பர்க்கா. நான் எழுதி வச்சிருக்கிற காரணம் இதான்: முடிவை முதல்லயே காட்டிட்டதால ஜனங்களுக்கு ஆர்வம் போயிடுச்சு, அதனால தோத்துச்சு.

பெரியப்பா செய்யாறு, 8:19
கண்ணு கார்த்தி, அந்தக் காரணத்தை நான் ஒத்துக்க மாட்டேன். சித்திரையில நம்ம ஊர்ல பாரதம் வைக்கிறோம். துரியோதனன் சாவான்னு தெரியாத ஒரு குழந்தை உண்டா நம்ம ஊர்ல? அப்புறம் ஏன் ராத்திரி பூரா பாயை விரிச்சுப் போட்டு உட்கார்ந்திருக்கோம்? படுகளத்தன்னிக்கு மண்ணுல துரியோதனனை அவ்வளவு பெருசா படுக்கப் போட்டு வச்சிருப்பாங்க. அவன் விழப்போற இடம் கண்ணு முன்னாடியே கிடக்கும். அப்பவும் பீமன் தொடையில அடிக்கிற நேரம் பொம்பளைங்க வாயைப் பொத்திக்கினு அழுவறாங்க. முடிவு தெரியறது ஆட்டத்தைக் கெடுக்காது. தெரிஞ்சிருக்கிறதாலதான் அபிமன்யு சிரிச்சுக்கினே போருக்குப் போறப்ப நம்ம வயித்தைக் கலக்குது. திவ்யா சொன்ன மொட்டை மாடியும் அதே சங்கதிதான்.

வேற காரணம் இருக்கும். தேடு.

சேகர் மாமா ஆற்காடு, 8:20
👏👏

திவ்யா, 8:27
பெரியப்பா, நீங்க சொல்றது சரி. 1981ல ஜனங்க குழம்பினது முடிவு தெரிஞ்சதால இல்ல. யாரு யாருன்னே புரியல. நடிச்சவங்க எல்லாம் பதினாறு வயசுலேர்ந்து இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பசங்க. அவங்களே நாப்பது வயசு ஆளா முதல்ல வரணும். முதல்ல போட்டிருந்த உடுப்பு எல்லாம் சரியா வரலன்னு தூக்கிட்டு, பனியன் மாதிரி ஒண்ணு குடுத்து, நெஞ்சுல "முன்னாள் மனைவி", "உயிர் நண்பன்"னு எழுதியே மாட்டி விட்டாங்க. ஒரு மாசத்துக்கு மேல முன்னோட்ட ஆட்டம் நடந்துச்சு. அப்பவே ஜனம் பாதியில எழுந்து போக ஆரம்பிச்சிட்டாங்க. நடுவுல நாயகனை மாத்தினாங்க, நடனம் சொல்லிக்குடுக்கிறவரை மாத்தினாங்க, துவக்க நாளைத் தள்ளி வச்சாங்க. பத்திரிகைக்காரங்க அதுக்குள்ள எழுதித் தள்ளிட்டாங்க.

பெரியப்பா செய்யாறு, 8:41
அப்படிச் சொல்லு! நெஞ்சுல எழுதி ஒட்டினா ஆள் வந்துடுவானா? கூத்துல எப்படி வரான்னு பாரு. ரெண்டு பேர் திரையைப் பிடிச்சுக்கினு நிப்பாங்க. உள்ள இருந்தே பாட்டு வரும். திரைக்கு மேல கிரீடத்து நுனி மட்டும் ஆடும். முகவீணை ஏறும், மத்தளம் ஏறும், பின்பாட்டுக்காரங்க எடுத்துக் குடுப்பாங்க. கட்டியக்காரன் "யாரப்பா நீ, எந்த ஊரு, எதுக்கு வந்தே"ன்னு கேட்பான். அவன் தன் பேரு, குலம், பெருமை எல்லாம் பாடி முடிச்சப்புறம்தான் திரை விலகும். கட்டை கட்டி அவன் ஒரு சுத்து சுத்தினான்னா கடைசி வரிசையில தூங்கி வழியறவனுக்கும் அவன் யாருன்னு தெரிஞ்சிடும். அவ்வளவு நேரம் எடுத்துக்கிறாங்க ஒரு ஆளைக் கொண்டாந்து நிறுத்த.

இவங்க வருஷத்தையே பின்னாடி உருட்டறாங்க. காட்சிக்குக் காட்சி ஆளோட வயசு மாறுது, உறவு மாறுது. அங்க ஒரு கட்டியக்காரன் வேலையை யாராவது செஞ்சே ஆகணும். செய்யல.

கார்த்தி, 8:44
ஆனா பெரியப்பா, கூத்துல அறுவது வயசு ஆளு அபிமன்யு கட்டறாரு. யாரும் எழுந்து போகலியே? இங்க மட்டும் வயசு ஏன் இடிக்கணும்?

பெரியப்பா செய்யாறு, 8:50
நல்ல கேள்வி. அறுவது வயசுக்காரன் பதினாறு வயசைத் தாண்டி வந்தவன். அது அவன் உடம்புல இருக்கு. இருவது வயசுப் பையன் நாப்பது வயசுல மனசு கசந்து போறதை எங்கேர்ந்து எடுப்பான்?

திவ்யா, 8:56
பெரியப்பா, 2023ல அதைத்தான் செஞ்சாங்க! மரியா ஃபிரீட்மன்னு ஒரு அம்மா இயக்கினாங்க. 1992ல இங்கிலாந்துல லெஸ்டர்ங்கிற ஊர்ல இதே நாடகத்துல, அந்த மூணு சிநேகிதருங்கள்ல ஒருத்தியான மேரி வேஷம் போட்டவங்க அவங்க. 2012ல லண்டன்ல இயக்கி, அப்புறம் நியூயார்க் கொண்டாந்தாங்க. இளம் பசங்களை விட்டுட்டு வயசு வந்த நடிகருங்களையே போட்டாங்க. ஜோனதன் கிராஃப், டேனியல் ராட்கிளிஃப், லிண்ட்ஸே மெண்டெஸ் மூணு பேரும் களைச்சுப் போன ஆளுங்களா வந்து, காட்சிக்குக் காட்சி இளசாகிக்கினே போனாங்க. 2024ல நாலு டோனி விருது (ப்ராட்வே நாடகத்துக்குக் குடுக்கிற பெரிய விருது), அதுல ஒண்ணு மறு அரங்கேற்றத்துக்கு. ஆனா சோண்ட்ஹைம் பார்க்கல. 2021 நவம்பர்ல போயிட்டாரு.

மல்லிகா சித்தி, 8:57
அச்சச்சோ. பார்த்திருக்கணும் அந்த மனுஷன்.

திவ்யா, 9:04
சித்தி, உங்களுக்காக ஒரு இடம் சொல்றேன். கோர்ட் வாசல்ல விவாகரத்து அன்னிக்கு ஃபிராங்கோட பொண்டாட்டி ஒரு பாட்டு பாடறா. "ஒரு நாளும் உன் நெனப்பு என்னை விட்டுப் போகாது"ங்கிற மாதிரி. கோவமும் வலியுமா பாடறா. ரொம்ப நேரம் கழிச்சு அவங்க கல்யாணம் வருது. கதைப்படி அது முந்தி நடந்தது. அங்க அதே மெட்டு, அதே பேச்சு, இப்ப ஆசையா. பக்கத்துல மேரி நிக்கிறா. அவனை மனசுக்குள்ளயே வச்சிருந்தவ. யாருக்கும் கேட்காத மாதிரி அவளும் சேர்ந்து அதையே பாடறா. பக்கத்து சீட்டு அம்மா என் கையைப் பிடிச்சுக்கினாங்க. யாருன்னே தெரியாது.

மல்லிகா சித்தி, 9:06
அந்தப் பாட்டை அனுப்பு திவ்யா.

கார்த்தி, 9:09
16 ஆட்டத்தோட போயிருந்தா பாட்டு எப்படிக்கா மிஞ்சினது?

திவ்யா, 9:15
அதை அவசியம் செமினார்ல சொல்லுடா. கடைசி ஆட்டம் முடிஞ்ச மறுநாளே அந்தப் பசங்க ஸ்டூடியோவுக்குப் போய் மொத்தப் பாட்டையும் பதிவு பண்ணாங்க. வேலை போச்சு, பேரும் கெட்டுப் போச்சு. அப்பவும் விடிஞ்சதும் போய் நின்னு பாடியிருக்காங்க. அந்த இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுதான் நாப்பது வருஷமா ஊர் ஊரா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாங்க. ஃபர்த்தும் சோண்ட்ஹைமும் வசனம், பாட்டு எல்லாம் திருத்திக்கினே இருந்தாங்க. அந்தப் பசங்கள்ல ஒருத்தரு லோனி பிரைஸ், பின்னாடி அந்த அனுபவத்தையே ஒரு ஆவணப்படமா எடுத்தாரு.

பெரியப்பா செய்யாறு, 9:22
இதைக் கேட்க நிறைவா இருக்கு. புரிசை இங்க நம்ம செய்யாறு பக்கம்தான். அங்க கூத்து வாத்தியாரா இருந்த கண்ணப்பத் தம்பிரான் வழியில வந்தவங்க ஜெர்மன்காரர் பிரெக்ட் நாடகத்தையும் கொலம்பியாக்காரர் மார்க்வெஸ் கதையையும் கூத்தா ஆடியிருக்காங்க. வேற ஊரு கதை, இங்க மத்தளத்துக்கு ஆடிச்சு. ஒரு கதையை ஒரு வடிவத்துலேர்ந்து இன்னொண்ணுக்குக் கொண்டாந்தா, அது கால் ஊன நாள் ஆகும். 16 ஆட்டத்துல கணக்கு முடிச்சது அவசரம். கார்த்தி, "தோத்த நாடகம்"னு தலைப்பு இருக்கட்டும், நீ யாரு அவசரப்பட்டாங்கன்னு எழுது.

கார்த்தி, 9:25
காரணத்தை மொத்தமா மாத்தறேன் பெரியப்பா. கட்டியக்காரன் விஷயத்தை வச்சே ஆரம்பிக்கிறேன். திரைக்கு மேல கிரீடம் தெரியற மாதிரி போன வருஷம் எடுத்த வீடியோ உங்ககிட்ட இருக்கா?

பெரியப்பா செய்யாறு, 9:27
இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள எழுதினதை எனக்கு அனுப்பு. வீடியோ காலையில வரும்.

திவ்யா, 9:30
ஆல்வின் தியேட்டருக்கு இப்ப நீல் சைமன் தியேட்டர்னு பேரு, 52ஆவது தெருவுல இருக்கு. திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு வரச்சொல்ல வாசலை போட்டோ எடுத்து அனுப்பறேன்.

கார்த்தி, 9:31
அனுப்புங்கக்கா. ரெண்டையும் ஒரே ஸ்லைடுல பக்கத்துப் பக்கத்துல போட்டுடறேன்.