பழைய லேப்டாப்பை நம்பி வீடியோ மிக்சிங்குக்கு மேடை ஏறலாமா?

வண்ணக்கோளாறு:
மேடையில் பாட்டு ஓட ஓட பின்திரையில் வீடியோ மிக்ஸ் செய்கிறேன். லேப்டாப் பழசு. நாலு கோர் ஐ5, 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். ரெசொலூமில் (மேடை வீடியோ மிக்சிங் மென்பொருள்) ஒரு கிளிப் ஓடினால் ஒன்றும் தெரியவில்லை. அதன் மேல் இன்னொன்றை ஏற்றி பீட்டுக்கு வெட்ட ஆரம்பித்தால் திணறுகிறது. கிளிப் எல்லாமே 1080பி எம்பி4. புதுசு வாங்கித்தான் ஆக வேண்டுமா?

எட்டாம்லேயர்:
வாங்க வேண்டாம், கிளிப்பை மாற்றுங்கள். எம்பி4-க்குள் இருப்பது பெரும்பாலும் ஹெச்.264 கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி வைக்கும் ஒரு முறை. அதில் முழுப் படம் எப்போதாவது ஒரு ஃபிரேமில்தான் இருக்கும், நடுவில் வருவதெல்லாம் பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்ற கணக்குதான். நேராக ஓடும்வரை சமர்த்து. நீங்கள் நடுவில் குதிக்கிறீர்கள், ரிவர்ஸ் போடுகிறீர்கள், ஒவ்வொரு முறையும் அது பின்னால் போய் முழு ஃபிரேமைப் பிடித்து அங்கிருந்து அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். ஹேப் கோடெக்கிலோ ரெசொலூமின் சொந்த டிஎக்ஸ்வி-யிலோ ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி, அவிழ்க்கிற வேலையில் பெரும்பங்கு கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போய்விடும். டிஎக்ஸ்வி-க்கு மாற்றுவதற்கு ரெசொலூமின் ஆலி என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம்.

ஒற்றைவிசிறி:
எப்போது பார்த்தாலும் இதே மருந்து. அவரிடம் இருப்பது சுழலும் டிஸ்க் என்று எழுதியிருக்கிறாரே, படித்தீர்களா? 1080பி ஹேப் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 1 எம்பி. 30 ஃபிரேம் என்றால் நொடிக்கு 30 எம்பிக்குக் கொஞ்சம் மேலே. மூன்று கிளிப்பை ஒன்றன் மேல் ஒன்றாக, மூன்று லேயராகப் போட்டால் 90-ஐத் தாண்டும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் ஒரே ஃபைலை நேராகப் படித்தாலே சுமார் 100-தான் தரும், மூன்று ஃபைலுக்கும் மாறி மாறி ஓடும்போது அதில் பாதி வந்தாலே அதிசயம். சிபியூவில் இருந்த நெரிசலை டிஸ்க்குக்கு மாற்றி விட்டீர்கள், அவ்வளவுதான்.

எட்டாம்லேயர்:
அது உண்மைதான். அதற்குச் சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் போயிற்று, சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே நொடிக்கு 500 எம்பி பக்கம் படிக்கும். ஆனால் அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி: ப்ரொஜெக்டர் எவ்வளவு? மண்டபங்களில் தொங்குகிற பல ப்ரொஜெக்டர்கள் 1280×800 அல்லது 1024×768-தான். அதற்கு 1080பி ஊட்டி என்ன பயன்? கிளிப்பையும் காம்போசிஷனையும் (லேயரெல்லாம் சேர்ந்து வரும் மொத்தப் படம்) 720பி ஆக்கினால் பிக்சல் பாதிக்கும் கீழே வந்துவிடும், ஹேப் ஃபைல் நொடிக்கு 14 எம்பியோடு நிற்கும். பத்து வரிசை தள்ளி நிற்கிறவருக்கு, அதுவும் புகையும் லைட்டும் போட்ட மேடையில், ஒரு வித்தியாசமும் தெரியாது.

புகைத்திரை:
நடுவில் வருகிறேன். ரேம் ஒரே ஸ்லாட்டில் 8 ஜிபியா, 4+4 ஆ? தனி கார்டு இல்லாத மெஷினில் கிராஃபிக்ஸுக்கும் அதே ரேம்தான். ஒரே குச்சி என்றால் ரேமுக்கான பாதையில் ஒரு சேனல்தான் வேலை செய்யும், டிடிஆர்3-1600-இல் நொடிக்கு 12.8 ஜிபி. இரண்டு குச்சி போட்டால் இருமடங்கு. லேயர் மேல் லேயர் கலக்கும்போது அடிபடுவது இதுதான், யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

ஒற்றைவிசிறி:
சரி, எஸ்எஸ்டி, ரேம் குச்சி, ஹேப், 720பி, எல்லாம் செய்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். இதெல்லாம் கிளிப் ஓட்டுகிறவருக்கு. நேரடி கேமரா ஃபீட் வந்தால்? அதன் மேல் ஒரு பிளர், ஒரு டிஸ்டார்ஷன் போட்டால்? எஃபெக்ட் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒவ்வொரு ஃபிரேமிலும் கணக்குப் போடுகிறது, அங்கே கோடெக் ஒன்றும் செய்யாது.

அதைவிடப் பெரியது சூடு. நீங்கள் எல்லாரும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுகிறீர்கள். நிகழ்ச்சி மூன்று மணி நேரம். பழைய மெஷினில் சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து கிடக்கும், விசிறியில் தூசி அடைத்திருக்கும், சிப் 100 டிகிரியை நெருங்கியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்: முதல் மணி நேரம் நொடிக்கு 60 காட்டிய ஃபிரேம் எண்ணிக்கை, கூட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் 20-க்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. டிரம்ஸ் ஒரு பக்கம் போகிறது, திரை இன்னொரு பக்கம். ஆபரேட்டர் லேயரை ஒவ்வொன்றாக அணைத்தும் எழும்பவில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலைக்கு அந்த மெஷினை எடுத்துப் போவதே தப்பு.

எட்டாம்லேயர்:
தூசி தட்டிப் பேஸ்ட் மாற்ற ஒரு சாயங்காலம் போதும். அதற்காகப் புது லேப்டாப் என்பது டயர் பஞ்சருக்கு வண்டியையே மாற்றச் சொல்வது மாதிரி. புது மெஷினிலும் மெல்லிசாகச் செய்கிறோம் என்று விசிறியைச் சுருக்கியவை உண்டு, அவையும் சூட்டில் குறையும். அவர் எஃபெக்ட் பற்றியோ கேமரா பற்றியோ கேட்கவே இல்லை, கிளிப் வெட்டுவது பற்றித்தான் கேட்டார்.

ஒற்றைவிசிறி:
இன்று கேட்கவில்லை. அடுத்த மாதம் பாடகர் முகத்தைத் திரையில் காட்டச் சொல்வார்கள், அப்போது இல்லை என்று சொல்ல முடியுமா?

புகைத்திரை:
சொல்லலாம். நான் சொல்வேன். நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. நடு நிகழ்ச்சியில் விண்டோஸ் அப்டேட்டை இறக்க ஆரம்பிப்பது, ஆன்டிவைரஸ் ஸ்கேன் கிளம்புவது, சார்ஜர் பின் தளர்ந்து பேட்டரிக்கு மாறி வேகம் சரிவது. மேடை மெஷினில் வைஃபை அணைத்திருக்க வேண்டும், பவர் பிளான் ஹை பெர்ஃபார்மன்ஸ், சார்ஜர் வயரை மேசைக் காலோடு டேப் போட்டு ஒட்ட வேண்டும். மெஷின் எந்த வயதாக இருந்தாலும்.

வண்ணக்கோளாறு:
ரேம் ஒரே குச்சிதான், இப்போதுதான் கழற்றிப் பார்த்தேன். ப்ரொஜெக்டர் 1280×800. அதனால் எஸ்எஸ்டியும் இன்னொரு குச்சியும் வாங்கிப் போட்டு, கிளிப்பை 720பி டிஎக்ஸ்வி ஆக்கி ஓட்டப் போகிறேன். கேமரா கேட்டால் வாடகைக்கு மெஷின் எடுத்துக்கொள்கிறேன்.

ஒற்றைவிசிறி:
உங்கள் இஷ்டம். ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் மூன்று மணி நேரமும் ஓட்டுங்கள், வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்து, ஹெச்டிஎம்ஐயில் இரண்டாவது திரையும் இணைத்து, ஏசி போடாத அறையில். 90 டிகிரிக்கு மேல் போனால் இங்கே வந்து எழுதுங்கள்.

எட்டாம்லேயர்:
போகாவிட்டாலும் எழுதுங்கள்.